மூன்று மில்லிபார்

டிசம்பர் 10, கேப்டவுன் துறைமுகம்

பனிக்கண்டத்துக்கு நாளைக் காலை கிளம்புகிறோமாம். நேற்றும் இதையேதான் சொன்னார்கள்.

கருவியைக் கன்டெய்னரோடு மேல்தளத்தில் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டியாயிற்று. உள்ளே ஆறு குழாய்கள், அவற்றைச் சுற்றி ஈயம், ஒரு கணினி, ஒரு மடக்கு நாற்காலி, நான். ஆய்வக நோட்டில் எண்களை மட்டும்தான் எழுதலாம். மற்றதை எழுத இந்த டைரியை வாங்கினேன். அட்டையில் யானைப் படம் போட்டிருக்கிறது, வேறு கிடைக்கவில்லை.

என் அறையில் இரண்டு கட்டில்கள். இன்னொன்றுக்கு வரவேண்டிய பெண் வரவில்லை. நல்லதாகப் போயிற்று. ஐம்பத்து மூன்று வயதில் புதிதாக ஒருத்தியின் குறட்டைக்கு என்னால் பழக முடியாது. காலிக் கட்டிலில் பெட்டியை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 11, தெற்கு 35 டிகிரி

கிளம்பிவிட்டோம். மதியச் சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது.

தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்தார். இரண்டாம் அதிகாரியாம், பெயர் ஜெரால்டு கொரேரா, ஊர் தூத்துக்குடி. நான் பாளையங்கோட்டை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நம்மூருதான்னு சொல்லுங்க. மேல ஒரு பெட்டிய கட்டி வச்சிருக்கியளே மேடம், உள்ள என்ன இருக்கு? பசங்க எல்லாம் குண்டுன்னு பேசிக்கிடுதானுவ."

விண்வெளியிலிருந்து கதிர்கள் வருகின்றன, அவை காற்றில் மோதிச் சிதறும் துகள்களை எண்ணுகிறோம் என்றேன். "எண்ணி?" என்றார். எண்ணினால் மட்டும் போதாது, தலைக்கு மேல் இருக்கிற காற்று ஒரு போர்வை மாதிரி, அது தடித்தால் துகள் குறையும், மெலிந்தால் கூடும், அதனால் காற்றழுத்தத்தைப் பார்த்து ஒவ்வொரு எண்ணையும் திருத்தவேண்டும் என்றேன். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் நூற்றுக்கு முக்கால் பங்கு.

"அப்ப வானத்தோட கணக்குலயிருந்து வானிலையக் கழிக்கிய. சரிதானா?"

பரவாயில்லை, எங்கள் ஆய்வகத்தில் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லத் தெரிந்த ஆள் கிடையாது. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 12, தெற்கு 38

நான் ஏன் வந்தேன் என்பதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

காகிதத்தில் இது வழக்கமான கடல்வழி அளவீடு. பூமத்தியரேகையிலிருந்து தெற்கே போகப் போகக் கதிர்களின் எண்ணிக்கை ஏறும், நாற்பது டிகிரியைத் தாண்டியதும் ஏறுவது நின்று சமமாகிவிடும். உலகத்தில் எல்லாருடைய வரைபடமும் அப்படித்தான். என் கணவர் அருணகிரியின் வரைபடத்தில் மட்டும் ஐம்பது டிகிரியில் மறுபடியும் ஒரு ஏற்றம், நூற்றுக்கு இரண்டு, படிக்கட்டில் ஒரு படி மாதிரி. பதினான்கு வருடத்துக்கு முன் இதே கப்பல் கம்பெனியின், இதே அமைப்புள்ள இன்னொரு கப்பலில் போய் எடுத்தது. அவர் ஒருவர் பெயரிலேயே கட்டுரை வந்தது. கீழே பொடி எழுத்தில், கணக்கிட உதவிய திருமதி கோமதிக்கு நன்றி. அது நான்.

அதற்குப் பிறகு மாநாட்டுக்கு மாநாடு சிரிப்பு. "அருணகிரி, படி பார்த்து ஏறுங்க" என்பார் ஹரிஹரன். அப்போது அவர் எங்களுக்குச் சமமானவர், இப்போது இயக்குநர். ஒரு வருடம் அருணகிரி முட்டி மோதிப் பார்த்தார். பிறகு ஒருநாள் அடங்கிவிட்டார். நான் எவ்வளவோ சொன்னேன், இன்னொரு தடவை கணக்குப் போடலாம் என்று. "வேண்டாம் விடு" என்றார். கோழை என்றுகூடத் திட்டியிருக்கிறேன். எட்டு வருடம் அந்த வீட்டில் படியைப் பற்றிப் பேச்சே கிடையாது, கடைசியில் எதைப் பற்றியும் பேச்சு கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

ஹரிஹரனிடம் நான்கு தடவை கேட்டு இந்தப் பயணத்தை வாங்கினேன். இன்னொரு தடவை யாரும் அனுப்பமாட்டார்கள். படி இருக்கிறதா இல்லையா என்று நான் பார்க்கவேண்டும். இருக்கிறது.

டிசம்பர் 14, தெற்கு 43

மூன்று தடவை வாந்தி. கட்டிலிலிருந்து ஒருமுறை உருண்டு விழுந்தேன்.

அதைவிட மோசம், அலை ஏறிக் கன்டெய்னரின் காற்றுத் துளை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. குழாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றழுத்தமானி செத்துவிட்டது. மாற்றுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஈரப்பதமானி. அனுப்பிய மகராசன் பெட்டியின் மேலே ஒட்டிய சீட்டை மட்டும் சரியாக எழுதியிருக்கிறான்.

காற்றழுத்தம் இல்லாத எண்ணிக்கை வெறும் கட்கட சத்தம்தான். பிரிட்ஜுக்கு, அதாவது கப்பலை ஓட்டும் அறைக்கு, போன் போட்டேன். கொரேராதான் எடுத்தார்.

"அதுக்கென்ன மேடம், இங்கன நாங்க மணிக்கு மணி எழுதுதோம்லா. ஒரு காப்பி ஒங்க கதவுக்கு அடியில தள்ளிவிடச் சொல்லுதேன். மேல வந்தியன்னா நீங்களே பாத்துக்கிடலாம், டீயும் உண்டு."

தாள் வந்தால் போதும் என்றேன். ஏழு மாடி ஏறி, நான்கு பேர் நடுவில் நின்று, வானிலை பேச எனக்குத் தெம்பில்லை. பிரிட்ஜ் கடலிலிருந்து இருபத்து நான்கு மீட்டர் உயரம், என் கன்டெய்னர் எட்டு மீட்டர். அந்த வித்தியாசத்துக்கு இரண்டு மில்லிபார் கூட்டும் வரி பழைய கணினி நிரலிலேயே இருக்கிறது. அருணகிரியின் பயணத்துக்காக நான் எழுதிய நிரல், அவருக்கும் பிரிட்ஜ் தாள்தான். ஒரு எழுத்துகூட மாற்றவேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் 15, தெற்கு 46

தாள்கள் ஒழுங்காக வருகின்றன. சமமான கோடு. யாரிடமும் பேசவில்லை. மாலையில் கன்டெய்னருக்குள் "வெளக்கை அணைச்சாச்சா?" என்று நானே சத்தமாகக் கேட்டேன்.

டிசம்பர் 16, தெற்கு 49

சமமான கோடு.

டிசம்பர் 17, தெற்கு 51

காலை பத்து மணியிலிருந்து ஏற்றம். ஒரு மணி நேரம் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பார்த்தேன். நூற்றுக்கு இரண்டேகால்.

முதலில் எல்லாவற்றையும் சோதிக்கவேண்டும். நாளை எழுதுகிறேன்.

டிசம்பர் 18, தெற்கு 54

எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன். மின்னழுத்தம் சரி. குழாய்களின் வெப்பநிலை சரி. கப்பல் சாய்வதால் வரும் மாற்றம் அரைக்கால் பங்குகூட இல்லை. ஆறு குழாயும் ஒன்றுபோல ஏறியிருக்கின்றன. காற்றழுத்தம் புயலில் ஒரே நாளில் இருபது மில்லிபார் விழுந்து எழுந்திருக்கிறது, அதையெல்லாம் திருத்திய பிறகும் படி அசையாமல் நிற்கிறது. அதே ஐம்பது டிகிரி. அதே உயரம்.

ஹரிஹரனுக்கு வரைபடத்தோடு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் கூட எழுதவில்லை. பழைய கோடும் புதிய கோடும் ஒன்றின்மேல் ஒன்று, அவ்வளவுதான்.

டிசம்பர் 19, தெற்கு 57

பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதிவைக்கிறேன். "கோமதி, இரண்டு தடவை பார்த்தேன். நாங்கள் அருணகிரிக்கு அநியாயம் செய்துவிட்டோம். குறிப்பாக நான். பிப்ரவரி மாநாட்டில் நானே மேடையில் இதைச் சொல்லப்போகிறேன். முதல் வரிசையில் நீங்கள் இருக்கவேண்டும்."

கன்டெய்னர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்று வருடத்துக்கு முன் அழாததையும் சேர்த்து அழுதேன். பிறகு பசித்தது. சர்க்கரைச் சாம்பார் இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 20, தெற்கு 60

இன்று காலை யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பிரிட்ஜுக்கு ஏறினேன். ஏழு மாடி. தூரத்தில் முதல் பனிப்பாறை தெரிந்தது.

"என்ன மேடம், உயிரோடதான் இருக்கியளா!" என்றார் கொரேரா. "அஞ்சாறு நாளா சோத்துக்குக்கூட கண்ணுலயே படலயே."

உங்கள் தாளால்தான் என் வேலை நடந்தது என்று சொல்லி மிட்டாயைக் கொடுத்தேன். டீ கொடுத்தார்கள். நடுவில் நின்று வானிலை பேசினேன், அவ்வளவு கஷ்டமாக இல்லை. பேசிக்கொண்டே சுவரிலிருந்த காற்றழுத்தமானியைப் பார்த்தேன். பழக்கம், பார்க்காமல் இருக்க முடியாது. 981.4. பக்கத்தில் மேசைமேல் அந்த மணிக்கான தாள் எழுதிவைத்திருந்தது. 984.4.

"ஆபீசர், இது தப்பா எழுதியிருக்கே."

அவர் எட்டிப் பார்த்தார். "தப்பில்ல மேடம். நாம கடலுக்கு இருபத்து நாலு மீட்டர் மேல நிக்கோம்லா. அதுக்கு மூணு கூட்டி, கடல் மட்டத்துக்குன்னு எழுதியிருக்கு."

"மொதல்லயிருந்தே அப்படித்தானா?"

"இல்ல. அம்பது டிகிரி வரைக்கும் நம்ம சொந்தக் கணக்கு, முள்ளு காட்டுதத அப்படியே எழுதுவோம். அம்பது தாண்டிட்டா இந்தப் பக்கம் வேற கப்பலே கெடயாது பாருங்க, வானிலை ஆபீசுக்கு நாமதான் அனுப்பணும். அவியளுக்குக் கடல் மட்டத்துல வேணும். எங்க கம்பெனியில எல்லாக் கப்பல்லயும் இதான் வழக்கம். பதினேழாந் தேதி காலையில பத்து மணிக்கு மாத்துனோம். ஏன் மேடம், என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்றேன். டீ தம்ளரை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

டிசம்பர் 20, மாலை

வெளிச்சம் குறையவே இல்லை. கணக்கு இது. அவர்கள் மூன்று கூட்டிக் கொடுத்த எண்ணை, கூட்டாத எண் என்று என் நிரல் நினைத்துக்கொண்டது. மூன்று மில்லிபார் அதிகம், அதனால் காற்று தடித்திருக்கிறது என்று எண்ணிக்கையைக் கூட்டிவிட்டது. மூன்று முக்கால் இரண்டேகால். பதினேழாம் தேதி பத்து மணியிலிருந்து எல்லா அளவிலும் மூன்று கழித்துத் திரும்ப ஓட்டினேன்.

சமமான கோடு.

புயலில் இருபது மில்லிபார் ஏறி இறங்கும்போது அதற்குள் ஒரு மூன்று ஒளிந்திருந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. பதினான்கு வருடத்துக்கு முன்னும் இதே வழக்கம், இதே ஐம்பது டிகிரி, இதே நிரல். படி என்று ஒன்று கிடையாது. ஹரிஹரன் சிரித்தது நியாயம்தான்.

டிசம்பர் 21, தெற்கு 63

ஹரிஹரனிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல். அருணகிரியின் நல்ல புகைப்படம் ஒன்று வேண்டுமாம், மேடையில் காட்ட.

எனக்குத் தெரிந்த உண்மை வேறு யாருக்கும் தெரியாது. கொரேராவுக்குத் தாள் தெரியும், படி தெரியாது. ஹரிஹரனுக்குப் படி தெரியும், தாள் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். செத்துப்போன ஒரு மனிதர் தலை நிமிர்ந்து மேடையில் இருப்பார், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இதை இன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். புகைப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் வைத்துவிட்டேன். ஊட்டியில் எடுத்தது, ஸ்வெட்டரில் இருப்பார், சிரிப்பார்.

டிசம்பர் 22, தெற்கு 66

அவர் பயணத்தில் பிரிட்ஜ் கொடுத்த பழைய தாள்களின் ஸ்கேன் படங்கள் கணினியில் இருக்கின்றன. புதியதோடு ஒப்பிடலாம் என்று எடுத்துவந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள். அவர் அந்த வருடம் பனிக்கண்டத்திலேயே குளிர்காலம் தங்கிவிட்டார், தாள்கள் மட்டும் மார்ச்சில் கப்பலோடு திரும்பின. உறை வந்த அன்று எனக்கென்று உள்ளே கடிதம் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன், இல்லை. அந்தக் கோபத்தோடு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். வரிசை மாறாமல் இருக்க, படிக்கிற வரிக்குக் கீழே ஒரு மர ஸ்கேலை வைத்துக்கொள்வேன். வரி வரியாக ஸ்கேலை இறக்குவேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு எண்கூடத் தவறியதில்லை என்று பெயர் வாங்கியது அந்த ஸ்கேலால்தான்.

ஐம்பது டிகிரி தாண்டிய நாளின் தாளை இன்று திறந்தேன். கடைசி வரிக்குக் கீழே, தாளின் அடி ஓரத்தில், பென்சிலில்:

"கோமு, இன்றிலிருந்து இது கடல்மட்ட அளவு. மேலே போய்க் கேட்டேன். உன் நிரலில் மூன்று கழித்துக்கொள். இங்கே ரொம்பக் குளிர்."

கடைசி வரியைப் படிக்கும்போது ஸ்கேல் அதன்மேல் இருந்திருக்கிறது.

டிசம்பர் 23, தெற்கு 68. பனியில் நிற்கிறோம்

அவர் சொல்லிவிட்டார். நான்தான் கழிக்கவில்லை. நான் கழித்திருப்பேன் என்று நம்பித்தான் ஒரு வருடம் எல்லாரோடும் சண்டை போட்டிருக்கிறார். புனேயில் ஒரு கூட்டத்தில், "இதைக் கணக்கிட்டவர் தவறு செய்யமாட்டார்" என்று சொன்னாராம். கேட்டவர்கள் வந்து சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

அதற்குப் பிறகுதான் ஒருநாள் அந்தத் தாள்கள் இருந்த கோப்பை ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்தார். இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அப்புறம்தான் அடங்கினார். தன் பென்சில் எழுத்தையும் என் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். வேறு எப்படியும் இருக்க முடியாது.

எனக்கு அவர்மேல் பயங்கரமான கோபம். இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அறைவேன். தப்பான கட்டுரையைத் தப்பு என்று தெரிந்தே எட்டு வருடம் விட்டுவைப்பது விஞ்ஞானியின் வேலையா? என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பேன், இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சரிசெய்திருப்பேன். நான் தாங்கமாட்டேன் என்று நினைத்துவிட்டாரே. என் தப்புக்கு என்னை அவர்தான் திட்டியிருக்கவேண்டும், நான் அவரைக் கோழை என்று திட்டினேன்.

எட்டு வருடம், ஒரே வீட்டில், இரண்டு பேரும்.

டிசம்பர் 24

கொரேரா கதவைத் தட்டினார். "மேடம், இன்னைக்கு கிறிஸ்மஸ் ராத்திரி. கப்பல்ல கிறிஸ்தவங்க எங்க மூணு பேருக்கும் சேத்து கேக்கு போட்டிருக்காவ. தனியா உள்ள கெடக்காதிய, வாங்க."

தலைவலி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், படி, ஸ்கேல், பென்சில் எல்லாம். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நாங்க தாள்ல கடல் மட்டம்னு ஒரு வார்த்த எழுதிருக்கணும் மேடம். எங்க மேலயும் தப்பு இருக்கு."

"ஒங்க மேல ஒண்ணுமில்ல. அன்னைக்கே மேல வாங்கன்னு கூப்பிட்டிய. நான்தான் வரல."

"ஒங்க சாரு ஏறி வந்துருக்காவ பாருங்க," என்றார்.

ஆமாம், அவர் ஏறிப் போய்க் கேட்டிருக்கிறார். யாரிடமும் போய் நின்று பேசுவார். என்னிடம் மட்டும்தான் பேசவில்லை. கேக் நன்றாக இருந்தது. அறைக்குத் திரும்பியதும் காலிக் கட்டிலில் இருந்த பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 25

ஹரிஹரனுக்கு எழுதினேன். புகைப்படம் அனுப்பவில்லை. படி இல்லை, அது மூன்று மில்லிபார், பிழை அருணகிரியுடையது அல்ல, என்னுடையது, பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு அனுப்புகிறேன் என்று எழுதினேன். பென்சில் எழுத்து உள்ள தாளையும் இணைத்தேன்.

மாலையிலேயே பதில். அவர் இவ்வளவு வேகமாக எந்தக் கோப்பையும் பார்த்து எனக்குத் தெரியாது. "கோமதி, அவர் இப்போது உயிரோடு இல்லை. கட்டுரையை எல்லாரும் மறந்தாயிற்று. மாநாட்டில் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். நீங்கள் ஏன் உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளவேண்டும்? விட்டுவிடுங்கள்."

'விடு' என்று என்னிடம் சொல்லும் இரண்டாவது ஆள் இவர். நான் விடப்போவதில்லை.

டிசம்பர் 27

திருத்தக் குறிப்பு முடிந்தது. அரைப் பக்கம். கட்டுரை அவர் ஒருவர் பெயரில் வந்தது, திருத்தம் என் ஒருத்தி பெயரில் வரும். இருபத்தைந்து வருட வேலையில் என் பெயர் தனியாக அச்சாவது இதுவே முதல் தடவை. அம்மா இருந்தால் வெட்டி ஒட்டிவைப்பாள், என்னவென்று படிக்காமலே.

பத்திரிகையின் படிவத்தில் ஒரு கட்டம். திருத்தம் அனுப்புபவருக்கும் மூலக் கட்டுரையாளருக்கும் என்ன தொடர்பு?

'மனைவி' என்று எழுதினேன். அழித்தேன். மனைவி என்பதற்காக யாரும் கட்டுரையைத் திருத்த விடமாட்டார்கள். 'கணக்கிட்டவர்' என்று எழுதினேன். அது சரியான பதில்தான், ஆனால் அதைப் படிப்பவருக்கு அவர் என்னிடம் சொன்னார் என்பது தெரியாது. அவர் சொன்னார் என்பது எங்காவது அச்சில் இருக்கவேண்டும். அதையும் அழித்தேன்.

'அவர் எனக்கு எழுதியதைப் படிக்காதவர்' என்று எழுதினேன். இப்படியெல்லாம் அந்தக் கட்டத்தில் எழுதக்கூடாது என்று தெரியும். வேண்டுமானால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும் என்று அனுப்பிவிட்டேன்.